ஞாயிற்றுக்கிழமை மெஷின் யாரிடம் இருந்தது?

என் வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் இப்போது முழுதாக மடங்குவதில்லை. அதற்குக் காரணமான ஜெபராணி அக்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அது அவர் மேல் இல்லை.

கம்பம் மெட்டு ரோட்டில் அவருடைய டயர் கடைக்கும் என்னுடைய சீட் கவர் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் டயர் தேய்ந்தால் அவரிடம் நிற்கும், சீட்டு கிழிந்தால் என்னிடம் நிற்கும். பதினாறு வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு. வெள்ளிக்கிழமை நான் தொழுகைக்குப் போகும்போது அவர் என் கடையைப் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போகும்போது அவர் கடைச் சாவி என்னிடம் இருக்கும்.

அக்காவுக்குச் சொந்த ஊர் தேவாரம். அப்பா அங்கே வல்கனைசிங் கடை வைத்திருந்தார். பதினான்கு வயதிலேயே அக்கா லாரி டயரை ரிம்மிலிருந்து தனி ஆளாகக் கழற்றுவாராம். கல்யாணமாகி வரும்போது சீரோடு சீராக டயரை நெம்பும் ஒரு இரும்பு லிவரையும் கொண்டுவந்தார் என்று பஜாரில் கதை கட்டியிருந்தார்கள். அது பொய். லிவரை இங்கே வந்துதான் வாங்கினார். வாங்கிய முதல் வாரமே, தன் புருஷன் ஸ்டான்லி அண்ணாச்சியைப் பார்த்து "பொண்டாட்டி சேலையப் புடிச்சுக்கிட்டுத் திரியிறவன்" என்று சொன்ன ஒரு ஜீப் ஓனரின் முழங்காலில் அதை இறக்கினார். பிறகு ஒருநாள் பஸ்ஸில் இடுப்பைத் தொட்டவனுக்கு முன்பல் இரண்டு போனது. இன்னொரு நாள், காற்றடித்துவிட்டுக் காசு தராமல் வண்டியை எடுத்தவனைக் கதவு வழியாகச் சட்டையைப் பிடித்து ரோட்டில் இழுத்துப் போட்டார். ஸ்டேஷனில் ரைட்டர் அவரைப் பார்த்ததுமே "இந்த மாசம் யாரும்மா?" என்று கேட்பார். "நான்தான் ஸார் அடிச்சேன், எழுதிக்கங்க" என்று அக்காவும் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார். அடித்ததை இல்லையென்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஸ்டான்லி அண்ணாச்சி இதற்கு நேர்மாறு. கடையில் அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

கார்டு தேய்க்கும் மெஷின் எங்கள் வரிசைக்கு வந்தபோது எல்லாரும் ஒன்றுபோல ஒரு தப்பைச் செய்தோம். கார்டில் காசு வாங்கினால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் சேர்த்து வாங்கினோம். வங்கி பிடிக்கிறது, நாங்கள் வாங்குகிறோம் என்று நியாயம் பேசினோம். கர்ணன் என்கிற ஜீப் டிரைவர் பதினெட்டாயிரத்துக்கு இரண்டு டயர் மாட்டிவிட்டு டெபிட் கார்டை நீட்டினான். அக்கா முந்நூற்றறுபது சேர்த்து அடித்தார். பில்லைப் பார்த்ததும் அவன் எகிறினான்.

"எதுக்குக்கா முந்நூத்தறுவது? டயருக்கு வெலையா, ஒனக்குத் தெண்டமா?"

"பேங்க்காரன் புடிக்கிறான்லே. அங்கன போயிக் கேளு."

அவன் மெஷினைப் பிடுங்கப் பார்த்தான். அக்கா கையில் இருந்த டியூபைச் சுழற்றி முகத்தில் அடித்தார். வால்வு பட்டு உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அந்த நேரம் பார்த்து மெஷின் கம்பெனியிலிருந்து மகிமா வந்து இறங்கினாள். தேனியிலிருந்து வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் வந்து பேப்பர் ரோல் கொடுத்துவிட்டுப் போகும் பெண். ரத்தத்தைப் பார்த்துப் பயந்தாளே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடவில்லை.

"அக்கா, அவக சொல்றதுதான் சரி. டெபிட் கார்டுக்கு நமக்குப் புடிக்கிறதே நூத்துக்கு ஒரு ரூவாகூட இல்ல. ரூபே டெபிட் கார்டுன்னா அதுவும் கெடையாது. புடிக்கிறத கஸ்டமர் தலையில கட்டக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சட்டமே போட்ருக்கு. கிரெடிட் கார்டுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு ரூவா போகும். அதையும் நம்மதான் ஏத்துக்கணும். நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல இருக்கு."

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"சொன்னேங்க்கா. நீங்க அன்னைக்கு யாரையோ அடிச்சிக்கிட்டு இருந்தீக."

அக்கா கல்லாவைத் திறந்து முந்நூற்றறுபதை எண்ணி, உதட்டைப் பொத்திக்கொண்டு நின்ற கர்ணனின் சட்டைப் பையில் திணித்தார். "அடிச்சது அடிச்சதுதான். காசு ஒன்னுது, வச்சுக்க," என்றார். அன்றிலிருந்து அவர் யாரிடமும் இரண்டு ரூபாய் கூடுதலாக வாங்கவில்லை. நான் வாங்கினேன். மற்றவர்களும் வாங்கினார்கள்.

போகும்போது மகிமா இன்னொன்றும் சொன்னாள். மெஷின் எந்தக் கடைப் பேரில் இருக்கிறதோ அந்தக் கடையில்தான் இருக்க வேண்டும், அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது. எல்லாரும் தலையாட்டினோம். ஆனால் எங்கள் பஜாரில் ஏணியும் தராசும் கைமாறுவது போல மெஷினும் கைமாறிக்கொண்டுதான் இருந்தது. ஒருவருடையதில் சார்ஜ் இருக்காது, இன்னொருவருடையதில் சிக்னல் இருக்காது. பக்கத்துக் கடையில் வாங்கித் தேய்த்துவிட்டு, மறுநாள் வங்கியில் காசு ஏறியதும் பிடித்தம் போக ரொக்கமாக வாங்கிக்கொள்வோம். கேட்டு வந்தவருக்கு இல்லையென்று சொன்னால் மறுநாளிலிருந்து அவர் முகம் கொடுக்க மாட்டார். இப்படி ஒரு கண்மூடித்தனமான பஜாரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதில் நானும் ஒருவன்.

போன தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வழக்கம்போல மெஷினை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்னுடையது பழசு, ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கு அவருடையதுதான் எனக்கு உதவும். மறுநாள் பத்தரை மணிக்கு, நான்கு கடை தள்ளி செல்போன் கடை வைத்திருக்கும் அஜய்குமார் வந்தான்.

"பாய், நம்ம மெஷின் ரிப்பேரு. அக்கா மெஷின ஒரு அரைமணி நேரம் குடுங்க. நாளைக்குக் காலையில அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அவன் மெஷின் ரிப்பேர் இல்லை. கிரெடிட் கார்டைத் தேய்த்து, பொருள் விற்காமலே ரொக்கம் கொடுத்துக் கமிஷன் அடிக்கிறான் என்று கம்பெனி அதைப் பிடுங்கிக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன். இல்லையென்று சொல்ல நாக்கு வரவில்லை. அரைமணி நேரத்தில் மெஷினைத் திருப்பிக் கொடுத்தான், கூடவே ஒரு பிரியாணிப் பொட்டலத்தையும் வைத்துவிட்டுப் போனான். அதையும் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை அவன் அக்காவிடம் போய், நாற்பத்தையாயிரத்துக்குப் போன் விற்றதாகச் சொல்லி, பிடித்தம் போக ரொக்கத்தை வாங்கிக்கொண்டான். துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

அஜய்குமார் தேய்த்த கார்டு ஆதித்தன் என்கிறவருடையது. மலைமேல் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே இறங்கி வந்தவரை இரண்டு பேர் திராட்சைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், காலைப் பாறையில் வைத்துக் கருங்கல்லால் விரல் விரலாக நசுக்கியிருக்கிறார்கள். மூன்றாவது விரலில் அவர் கார்டின் ரகசிய நம்பரைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகும் நான்காவதை நசுக்கினார்களாம். ஒருத்தன் அவர் நெஞ்சில் உட்கார்ந்திருக்க, இன்னொருத்தன் கார்டை எடுத்துக்கொண்டு அஜய்குமாரிடம் வந்தான். அவன் கையில் ரத்தம் இருந்ததா என்று அஜய்குமார் பார்த்தானோ இல்லையோ. கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுத்துவிட்டான்.

ஆதித்தனின் போனைக் கல்லில் போட்டு உடைத்திருந்தார்கள். கண்ணாடிதான் நொறுங்கியது, மெசேஜ் வந்திருந்தது. நாற்பத்தையாயிரம் ரூபாய், ஜெபராணி டயர்ஸ், கம்பம்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவருடைய தம்பிகள் மூன்று பேர் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். கையில் இரும்புக் குழாய்கள். ஸ்டேஷனில் இரண்டு நாளாக "விசாரிக்கிறோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

"எதுடா ஜெபராணி டயர்ஸ்? எங்க சேட்டன் கால ஒடச்ச காசு எங்கடி?"

அக்கா ஒரு டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். போனைக் காட்டினார்கள். ஒரே பார்வையில் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"ஞாயித்துக்கெழம நான் கோயில்ல இருந்தேன். மெஷின் எங்கிட்ட இல்ல," என்றவர், வாசலுக்கு வந்து என் கடைப் பக்கம் பார்த்தார். "பாய், மெஷின் யாருகிட்ட இருந்துச்சுன்னு நீயே சொல்லு."

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ரெக்ஸின் வெட்டும் மேசைக்குப் பின்னால் நான் நின்றேன். என் மகள் ஃபர்ஹீனுக்கு இரண்டு மாதத்தில் நிக்காஹ். நான்தான் கொடுத்தேன் என்றால் அந்தக் குழாய் என் மண்டையில் இறங்கும், பிறகு போலீஸ் வரும், மாப்பிள்ளை வீட்டார் போய்விடுவார்கள். இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் நினைத்தேன்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. குழாய் காற்றில் இறங்கும் சத்தத்தைத்தான் கேட்டேன். முதல் அடி அக்காவின் தோளில். இரண்டாவது அடி தலைக்கு வந்தபோது ஸ்டான்லி அண்ணாச்சி குறுக்கே புகுந்தார். பதினாறு வருஷத்தில் அந்த மனிதர் ஒரு சண்டைக்குள் நுழைந்து அன்றுதான் பார்த்தேன். குழாய் அவருடைய இடது காதின் மேல் முழுசாக இறங்கியது. விழுந்தவரை மிதித்தார்கள். இன்னொரு அடி வலது பக்கம் தாடையோடு சேர்த்து விழுந்தது. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வழிந்து சிமெண்டுத் தரையில் கிரீஸோடு கலந்தது.

அதன் பிறகு அக்கா லிவரை எடுத்தார். அவர் கத்தவில்லை. கடைசித் தம்பியின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஓங்கி அடித்தார். காரை எலும்பு முறிந்த சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது. அடுத்தவனின் முகத்தில் கம்ப்ரஸர் ஹோஸின் பித்தளை முனையால் விளாசினார். அவன் கன்னம் பிளந்து பல் தெரிந்தது. மூன்றாமவன் இருவரையும் ஜீப்பில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினான். பஜார் முழுக்க அவரவர் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நானும்தான்.

போலீஸ் வந்தது. கார்டு தேய்த்த சீட்டில் அக்கா கடைப் பெயர், காசு ஏறியது அக்கா கணக்கில். வழிப்பறிக்கு உடந்தை என்று எழுதினார்கள், எலும்பை முறித்ததற்குத் தனியாக எழுதினார்கள். ரொக்கத்தை அஜய்குமார்தான் வாங்கிப்போனான் என்று அக்கா சொன்னார். "எங்கிட்ட சொந்தமா மெஷின் இருக்கு ஸார், நான் ஏன் அவுகளுதுல தேய்க்கணும்?" என்றான் அஜய்குமார். அவனுடைய மெஷினை எடுத்துக்கொண்டு போனதைப் பஜாரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. மெஷின் கைமாறுகிறது என்று ஒருவர் ஒப்புக்கொண்டாலும் எல்லார் மெஷினும் போய்விடும் என்று பயம். அண்ணாச்சி விழுந்து கிடந்த காரணத்தால் அக்காவை உடனே உள்ளே வைக்கவில்லை. தினமும் காலையில் ஸ்டேஷனில் வந்து நிற்கச் சொன்னார்கள்.

தேனி பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். உள்ளே போகத் தைரியமில்லாமல் வராண்டாவிலேயே நின்று திரும்பிவிட்டேன். இரண்டு செவிப்பறையும் கிழிந்து உள்ளே இருக்கும் எலும்பும் நொறுங்கிவிட்டது, இனிமேல் கேட்காது என்று நர்ஸ் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஓடும் ஜீப்பின் சத்தத்தை வைத்தே எந்த வீல் பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிற மனிதர் அவர். வீட்டுக்கு வந்து என் மனைவி சாபிராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க போயி எதையும் சொல்லிறாதீக. நிக்காஹ் முடியட்டும்," என்றாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. அந்தச் சொல்லுக்காகத்தான் நான் அவளிடமே போனேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை மகிமா மெஷினை எடுத்துப்போக வந்தாள். அக்காவின் கணக்கை முடக்கி, நாற்பத்தையாயிரத்தைத் திருப்பி எடுத்திருந்தார்கள். அக்கா ஸ்டேஷனிலிருந்து நேராக வந்து நின்றார். எனக்கும் கேட்கும்படியாகவே மகிமா பேசினாள்.

"மெஷின் யாரு பேர்ல இருக்கோ அவகதான் தேய்ச்ச மாதிரிங்க்கா. வேற யாரு அமுக்குனாகன்னு பேங்க் பாக்காது. அன்னைக்கு மெஷின யாரு கையில வச்சிருந்தாகளோ, யாருக்குக் குடுத்தாகளோ, அவக வந்து எழுதிக் குடுக்கணும். அது ஒண்ணுதான் வழி. நாளைக்குள்ள குடுத்தாத்தான். நாளைக்கு ஒங்கள உள்ள வைக்கப்போறதா ரைட்டர் சொல்றாக."

மகிமா என்னைப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். நான் ரெக்ஸின் துணியில் தலையைக் குனிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா என் கடைக்குள் வந்தார். ஷட்டரைப் பாதிவரை இறக்கினார். அவருடைய தோள் இன்னும் வீங்கித்தான் இருந்தது. அப்படியிருந்தும் என் வலது மணிக்கட்டைப் பிடித்து வெட்டு மேசையில் அழுத்தியபோது என்னால் அசைக்க முடியவில்லை.

"மெஷின் யாருகிட்ட இருந்துச்சு?"

"அக்கா, மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்..."

"அதக் கேக்கல. மெஷின் யாருகிட்ட இருந்துச்சு?"

நான் அழுதேன். மூன்றாவது முறையும் கேட்டார். பிறகு லிவர் இறங்கியது. இரண்டு விரல்களும் நடுவில் உடைந்து, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. நான் அலறினேன், மேசைக்குக் கீழே விழுந்தேன், ரெக்ஸின் முழுக்க ரத்தம். கண்ணைத் திறந்தபோது அக்கா ஒரு துணியைக் கிழித்து என் கையைச் சுற்றிக்கொண்டிருந்தார். தன் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் சேலை முந்தானையால் தன் இடுப்போடு கட்டி, அவரே கம்பம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

அக்காவைத் தேடிக்கொண்டிருந்த ரைட்டரும் ஒரு கான்ஸ்டபிளும் அங்கேயே வந்துவிட்டார்கள். கட்டுப்போடும் அறையில் ரைட்டர் என் கையைப் பார்த்தார்.

"என்ன பாய் இது? யாரு அடிச்சா?"

"யாரும் அடிக்கல ஸார்," என்றேன். "ஷட்டர் விழுந்திருச்சு."

அப்படிச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அக்காவைக் காப்பாற்றிவிட்டேன், பட்ட கடனில் ஏதோ கழிந்தது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

கதவோரம் நின்ற அக்கா முன்னால் வந்தார்.

"பொய் சொல்றாரு ஸார். ஷட்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான்தான் லிவரால அடிச்சு ஒடச்சேன். எழுதிக்கங்க."

வழிப்பறிக் கேஸ் தலைக்கு மேல் தொங்குகிறது, வழிய வந்து இன்னொரு கேஸையும் ஏற்றுக்கொள்கிறார். அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, ரைட்டர் எழுதட்டும் என்று நின்றார். எனக்கு விரல் வலி மறந்து போனது. வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

"ஸார், அந்த மெஷின் ஞாயித்துக்கெழம எங்கிட்டதான் இருந்துச்சு," என்றேன். "நான்தான் அஜய்குமாருக்குக் குடுத்தேன். அவன் மெஷின கம்பெனி புடுங்கிருச்சுன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். அக்காவுக்குத் தெரியாது."

அந்த வாக்குமூலத்தில் அஜய்குமார் மறுநாள் மாட்டினான், அவன் மூலம் கல்லால் நசுக்கிய இரண்டு பேரும் மாட்டினார்கள். அக்கா மேல் இருந்த வழிப்பறிக் கேஸ் கழன்றது. என் விரலுக்கும் அந்தக் கடைசித் தம்பியின் காரை எலும்புக்குமாகப் பதினெட்டு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். என் மெஷின் போனது, பஜாரில் பேச்சுவார்த்தை போனது. நிக்காஹ் மட்டும் நான் பயந்த மாதிரி நிற்கவில்லை, நடந்தது. இதெல்லாம் பிறகு.

அன்றைக்கு அந்த அறையில், நான் சொல்லி முடித்ததும் அக்கா மெதுவாக என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"ஒம்பது நாளைக்கு முந்தி இந்த வார்த்தையச் சொல்லிருந்தா, எம்புருஷனுக்குக் காது இருந்திருக்கும் பாய்," என்றார்.

ரைட்டர் எழுதி முடித்துத் தாளை என் முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினார். வலது கை கட்டுக்குள் இருந்ததால் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தேன்.